கோலாலம்பூரில் மாநாடும் கண்காட்சியும் நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

200 பேர் கூடும் விற்பனையாளர் சந்திப்பு முதல் 3,000 பேர் வரும் தொழில் மாநாடு வரை, கோலாலம்பூரில் நடத்தத் திட்டமிடுவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. கட்டணம், வரி, குடிநுழைவு விதி எல்லாம் மாறக்கூடியவை. ஒப்பந்தத்தில் கையெழுத்து போடும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் மண்டபத்தைப் பிடிப்பதா, தேதியைப் பிடிப்பதா?

தேதியை. இந்த ஊரில் நல்ல மண்டபங்களுக்குப் பஞ்சமில்லை. நல்ல தேதிகளுக்குத்தான் பஞ்சம். மலாய், சீன, இந்தியப் பண்டிகைகள் மூன்றும் பொது விடுமுறை. சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் வந்தால் விடுமுறை என்னவோ இரண்டு நாள்தான், ஆனால் 'பாலிக் கம்போங்' என்று ஊருக்குக் கிளம்பிப் போகிறவர்கள் திரும்பிவர ஒரு வாரமாகும். அலுவலகங்கள் பாதி ஆளோடு ஓடும். மேடை அமைப்பவரிலிருந்து ஒலிபெருக்கிக்காரர் வரை ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் கூடுதல் கூலி.

2027-ஐ எடுத்துப் பாருங்கள். ஜனவரி 22 தைப்பூசம். பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம். பிப்ரவரி 6 சீனப் புத்தாண்டு. அது முடிந்த கையோடு ரமலான் நோன்பு தொடங்கி, மார்ச் 10 வாக்கில் நோன்புப் பெருநாள் வருகிறது. ஜனவரி கடைசியில் தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரை ஏழு வாரம் கைநழுவிப் போகிறது. வெளிநாட்டு நாட்காட்டியை மட்டும் வைத்துத் திட்டமிடுபவருக்கு இது தெரியாது. பிப்ரவரியில் மண்டபம் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று மகிழ்ந்து முன்பணம் கட்டிவிடுவார்.

இன்னொன்று: ஞாயிற்றுக்கிழமையில் விழும் பொது விடுமுறைக்குப் பதிலாகத் திங்கள்கிழமை விடுமுறை. "திங்கள் காலை தொடக்கம்" என்று அச்சடிக்கும் முன் அதைப் பாருங்கள். ஆகஸ்ட் 31 தேசிய தினமும் செப்டம்பர் 16 மலேசிய தினமும் இரண்டரை வார இடைவெளியில் வருவதால், நடுவே இருக்கும் வாரங்களும் சற்று மந்தமானவை.

நோன்பு மாதத்தில் நடத்தவே கூடாதா?

நடத்தலாம், பகல் உணவோடு கூடிய முழுநாள் மாநாடாக மட்டும் வேண்டாம். காலை 9 முதல் மதியம் 1 வரை அமர்வுகளை முடித்து, மாலை ஏழரைக்கு முன்பே எல்லாரையும் அமர்த்தி நோன்பு திறப்பு விருந்தாக மாற்றுபவர்கள் உண்டு. ஆனால் அந்த மாதம் ஓட்டல்களின் பெரிய விருந்து மண்டபங்கள் மாலையில் நோன்பு திறப்பு பஃபேக்குப் போய்விடும். ஆகவே பிற்பகலிலேயே மண்டபத்தைக் காலிசெய்யச் சொல்கிறார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

எந்த மண்டபம் யாருக்கு ஏற்றது?

கோலாலம்பூர் மாநாட்டு மையம், 2005-ல் திறக்கப்பட்டது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்கு எதிர்ப்புறம், கேஎல்சிசி பூங்காவின் ஓரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 3,000 பேர் அமரும் பிளினரி ஹால், 500 பேர் அளவிலான சாய்தள அரங்கு, கண்காட்சிக் கூடங்கள், சிறு அறைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ். இதன் உண்மையான பலம் கட்டடத்துக்கு வெளியே இருக்கிறது. கேஎல்சிசி எல்.ஆர்.டி. நகர ரயில் நிலையத்திலிருந்து சூரியா பேரங்காடி வழியாக மழையில் நனையாமல் நடந்தே வரலாம். மறுபக்கம் பெவிலியன் பேரங்காடி வரை ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான குளிரூட்டப்பட்ட நடைபாலம் போகிறது. இதனால் புக்கிட் பிந்தாங் பகுதியின் நடுத்தர விலை ஓட்டல்களில் தங்குபவர்களும் பேருந்து இல்லாமல் 15, 20 நிமிடத்தில் வந்துசேர்கிறார்கள். 800 பேருக்குப் பேருந்து ஏற்பாடு செய்யும் செலவு மிச்சம் என்பதைக் கணக்கில் சேர்த்தால், இந்த மண்டபத்தின் வாடகை முதலில் தோன்றிய அளவு அதிகமில்லை. பாலம் நள்ளிரவு வரை திறந்திருக்காது என்பதை மட்டும் விருந்துக்குப் போகிறவர்களிடம் சொல்லிவையுங்கள்.

மைடெக் கண்காட்சி மையம், ஜாலான் டூத்தாமாஸ் பகுதியில் 2017-ல் திறக்கப்பட்டது. மூன்று தளங்களில் 11 கூடங்கள், மொத்தம் 45,000 சதுர மீட்டர். இயந்திரம், மரச்சாமான், கட்டுமானப் பொருள் போன்ற கனமான கண்காட்சிக்கு இதுதான் இடம். குறை என்னவென்றால் ரயிலில் இறங்கி அப்படியே உள்ளே நுழைய முடியாது. பேருந்தோ, கிராப் செயலியில் அழைக்கும் வாடகைக் காரோ வேண்டும். மாலை ஆறு மணிக்குக் கண்காட்சி முடிந்து ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கிராப் அழைத்தால், காத்திருப்பு நீளும், கட்டணமும் ஏறும். அருகிலுள்ள எம்.ஆர்.டி. நிலையத்துக்குச் சுற்றுப் பேருந்து விடுவதைச் செலவுத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

உலக வர்த்தக மையமான டபிள்யூ.டி.சி., பழைய பெயரில் பி.டபிள்யூ.டி.சி., 1985-ல் வந்தது. புத்தகக் கண்காட்சி, கல்விக் கண்காட்சி என்று பொதுமக்கள் திரளும் நிகழ்ச்சிகளுக்கு நல்ல இடம். எல்.ஆர்.டி. நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, கே.டி.எம். ரயிலின் புத்ரா நிலையமும் நடக்கும் தூரம். கட்டடம் பழையது, தோற்றமும் அப்படித்தான். வங்கி இயக்குநர்களை அழைக்கும் கூட்டத்துக்கு எடுபடாது.

அரசுத் துறைகளே முக்கிய விருந்தினர் என்றால் புத்ராஜெயாவில் உள்ள பி.ஐ.சி.சி. மாநாட்டு மையத்தையும் பாருங்கள். பெரும்பாலான அமைச்சகங்கள் அங்கேதான் இருக்கின்றன. மாலையில் பேராளர்களுக்குப் பொழுதுபோக வழியில்லை என்பது வேறு விஷயம்.

300 பேருக்குக் கீழே என்றால் மாநாட்டு மையமே வேண்டாம். ஓட்டல் விருந்து மண்டபம் போதும். அறைகளையும் அங்கேயே எடுத்தால் மண்டப வாடகையைக் குறைத்துப் பேசலாம்.

கேஎல்சிசி வட்டாரத்தில் தெரிந்துவைக்க வேண்டிய ஆபத்து ஏதாவது?

நாட்டுத் தலைவர்கள் கூடும் உச்சி மாநாடுகள். 2025 மே, அக்டோபர் மாதங்களில் ஆசியான் உச்சி மாநாடு கோலாலம்பூர் மாநாட்டு மையத்தில் நடந்தபோது சுற்றுச் சாலைகள் கட்டங்கட்டமாக மூடப்பட்டன. அப்படி ஒரு வாரம் அமைந்தால் பக்கத்து ஓட்டலில் நடக்கும் உங்கள் சிறு கூட்டமும் பாதிக்கப்படும். மண்டபத்தாரிடம் "எங்கள் தேதிக்கு முன்னும் பின்னும் ஐந்து நாளில் கட்டடத்தில் வேறு என்ன நடக்கிறது?" என்று கேளுங்கள். சரக்கு இறக்கும் தளமும் லிஃப்டும் யாரோடு பகிர வேண்டியிருக்கும் என்பதும் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

"1,000 பேர் அமரலாம்" என்கிறார்கள். நம்பலாமா?

அந்த எண் வெறும் நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் வருவது. மேடை, இரண்டு பெரிய திரை, ஒலி-ஒளிக் கட்டுப்பாட்டு மேசை, மொழிபெயர்ப்பாளர் கூண்டு எல்லாம் வந்தபின் ஐந்தில் ஒரு பங்கு குறையும். எழுத மேசை போட்டால் பாதியாகும். வட்டமேசை விருந்து என்றால் இங்கே மேசைக்கு 10 பேர் என்பது வழக்கம். ஆனால் மேடையைப் பார்த்தபடி உட்கார வேண்டுமென்றால் 7 அல்லது 8 பேர்தான் போட முடியும்; மற்றவர்கள் முதுகு காட்டி உட்கார வேண்டியிருக்கும். உங்கள் அமைப்பை வரைந்து அனுப்பி, அதற்கான எண்ணிக்கையை மண்டபத்தார் கையாலேயே எழுதி வாங்குங்கள்.

விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் ஏன்?

முதல் கூட்டல் 10 சதவீத சேவைக் கட்டணம், ஓட்டலுக்குப் போவது. இரண்டாவது அரசின் சேவை வரி. 2024 மார்ச் 1 முதல் பொதுவாகச் சேவை வரி 8 சதவீதமாக உயர்ந்தது. உணவு, பானத்துக்கு மட்டும் பழைய 6 சதவீதமே தொடர்ந்தது. ஆகவே 200 ரிங்கிட் என்று போட்டிருக்கும் ஒருநாள் உணவுப் பொதி (மதிய உணவும் இரண்டு தேநீர் இடைவேளையும்) கையில் வரும்போது 232 ரிங்கிட் அளவில் இருக்கும். 400 ரிங்கிட் அறை, வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு வாங்கும் 10 ரிங்கிட் சுற்றுலா வரியையும் சேர்த்தால், 480-ஐ ஒட்டி வரும்.

சுற்றுலா வரியில்தான் தகராறு வரும். நிறுவனம் அறைக்கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டாலும், இந்த 10 ரிங்கிட்டை மட்டும் பேராளரிடமே முன்மேசையில் கேட்பார்கள். நள்ளிரவு விமானத்தில் வந்து இறங்கியவர், "எல்லாம் கட்டியாகிவிட்டது என்றார்களே" என்று சத்தம் போடுவார். நிறுவனம் கட்டும் முதன்மைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள், அல்லது பேராளர் கடிதத்தில் சொல்லிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் எந்த வரிகளை இரண்டுமுறை படிக்க வேண்டும்?

உறுதி எண்ணிக்கை. 500 பேர் என்று உறுதி கொடுத்து 410 பேர் வந்தால் 500 பேருக்குத்தான் பணம். எண்ணிக்கையைக் கடைசியாகக் குறைக்கும் நாள் எது, எத்தனை சதவீதம்வரை குறைக்கலாம் என்பதைப் பாருங்கள். எதிர்பார்ப்பதில் 85 சதவீதத்தை உறுதியாகக் கொடுத்து, கூடுதலாக 5 முதல் 10 சதவீதம் வரை அதே விலைக்குப் பரிமாறும்படி கேட்பது நல்ல பேரம்.

அடுத்து, அமைப்பு நேரம். காலை 8 மணிக்கு நிகழ்ச்சி என்றால் மேடை முந்தைய இரவே ஏற வேண்டும். முந்தைய இரவு அதே மண்டபத்தில் ஒரு கல்யாணம் இருந்தால் உங்களுக்குக் கதவு திறப்பது நள்ளிரவு 12-க்கு மேல். சனி, ஞாயிறு இரவுகளில் கல்யாண விருந்து அதிகம். திங்கள் காலை மாநாடு வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மூன்றாவது, மண்டபத்தாரின் சொந்த ஒலி-ஒளி ஒப்பந்ததாரரைத்தான் எடுக்க வேண்டுமா, வெளியாரைக் கொண்டுவந்தால் அபராதக் கட்டணம் உண்டா என்பது.

பேராளர்களுக்கு விசா வேண்டுமா?

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல், 30 நாள் வரை விசா இல்லாத நுழைவு. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. 2027-ல் நிகழ்ச்சி வைத்திருப்பவர்கள் இதைத் தொடரும் என்று வைத்துக்கொண்டு அழைப்பிதழ் அச்சடிக்க வேண்டாம். இலங்கை உட்பட மற்ற நாடுகளின் கடவுச்சீட்டுக்கு விதி தனி; நாடுவாரியாகப் பட்டியல் போட்டு, பதிவு செய்யும்போதே தெரிவியுங்கள். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

விசா இல்லை என்றாலும் மின்னியல் வருகை அட்டை உண்டு. எம்.டி.ஏ.சி. என்பார்கள். வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல. தேடுபொறியில் முதலில் வந்து நிற்பவை பல நேரம் அப்படிப்பட்டவைதான். பேராளர்களுக்குச் சரியான இணைப்பை நீங்களே அனுப்பிவிடுங்கள், வருகைக்கு மூன்று நாள் முன்பு நினைவூட்டலும் அனுப்புங்கள். ஒரு மாதம் முன்பே அனுப்பினால் அன்றே நிரப்பப் பார்த்து, தளம் ஏற்கவில்லை என்று எழுதுவார்கள்.

விசா இல்லாமலே நுழையலாம் என்றால் அழைப்புக் கடிதம் எதற்கு?

விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படுவதைத் தவிர்க்க. விசா இல்லை என்பதற்கு நுழைவு உறுதி என்று பொருளில்லை. தனியாக வரும் இளைஞர்கள், முதன்முறை வெளிநாடு போகிறவர்கள் அதிகம் விசாரிக்கப்படுகிறார்கள். திரும்பும் டிக்கெட், ஓட்டல் பதிவு, செலவுக்குப் பணமோ கடன் அட்டையோ, மாநாட்டு அழைப்புக் கடிதம் நான்கையும் காகிதத்தில் அச்சிட்டுக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் இருக்கிறது என்றால், சார்ஜ் தீர்ந்த கைப்பேசியோடு வரிசையில் நிற்பவர் கண்டிப்பாக ஒருவர் இருப்பார். கடிதத்தில் உள்ளூரில் பேசக்கூடிய ஒருவரின் தொலைபேசி எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை விடியற்காலை நான்கு மணிக்கும் யாராவது எடுக்க வேண்டும். சென்னை, திருச்சி விமானங்கள் பல விடியும் முன்தான் இறங்குகின்றன.

பேச்சாளர், பாடகர், சினிமா நட்சத்திரம் வந்தால்?

மாநாட்டில் உட்கார்ந்து கேட்பதும் கலந்துரையாடுவதும் ஒன்று. பணம் வாங்கிக்கொண்டு மேடை ஏறுவது வேறொன்று. வெளிநாட்டுக் கலைஞர் பங்கேற்கும் நிகழ்ச்சிக்கு புஸ்பால் எனப்படும் அரசுக் குழுவின் அனுமதி வேண்டும். விண்ணப்பிப்பது உள்ளூர் நிறுவனமாக இருக்க வேண்டும். கலைஞருக்குத் தரும் தொகையில் 15 சதவீதம் முன்கூட்டியே வரியாகக் கட்டப்பட வேண்டும்; அந்த ரசீது இல்லாமல் அனுமதிச் சீட்டு நகராது. மாநகராட்சியான டி.பி.கே.எல்., காவல் துறை அனுமதிகளும் சேரும்.

விற்பனையாளர் விருந்தில் ஆச்சரியமாக ஒரு நடிகரைக் கொண்டுவரும் யோசனை கடைசி மூன்று வாரத்தில்தான் நிர்வாக இயக்குநருக்குத் தோன்றும். அந்த நேரத்தில் அதை முறைப்படி செய்ய முடியாது என்று சொல்லும் தைரியம் ஏற்பாட்டாளருக்கு வேண்டும். மலேசியக் கலைஞர்களில் அருமையான தமிழ் வாத்தியக் குழுக்களும் அறிவிப்பாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு புஸ்பால் தேவையில்லை.

காட்சிப் பொருட்களை எப்படிக் கொண்டுவருவது?

திரும்பக் கொண்டுபோகும் இயந்திரம், மாதிரி, கருவி எல்லாவற்றுக்கும் ஏ.டி.ஏ. கார்னே. இந்தியாவில் இதை வழங்குவது ஃபிக்கி என்ற வணிகக் கூட்டமைப்பு, மலேசியாவும் ஏற்கிறது. ஓராண்டு செல்லும். தீர்வை கட்டாமல் உள்ளே கொண்டுவந்து, அதே பொருளைத் திரும்பக் கொண்டுபோவதற்கான உறுதிச்சீட்டு இது.

கோளாறு வரும் இடங்கள் மூன்று. கையேடு, பேனா, இனிப்புப் பொட்டலம் போன்று கொடுத்துத் தீர்க்கும் பொருட்களை கார்னே பட்டியலில் சேர்ப்பது. அவை திரும்பிப் போகாததால் பின்னால் தீர்வை கேட்பார்கள். இரண்டாவது, கண்காட்சி முடிவில் யாரோ நல்ல விலை கேட்டார்கள் என்று காட்சி இயந்திரத்தை அங்கேயே விற்றுவிடுவது. மூன்றாவது, திரும்பும்போது சுங்க முத்திரை வாங்காமல் விமானம் ஏறுவது. பொருள் உங்கள் கிடங்கில் பத்திரமாக இருக்கும். காகிதத்தின்படி அது மலேசியாவிலேயே இருக்கும்.

மரப்பெட்டியில் அனுப்பினால் பூச்சி நீக்க மரத்தைச் சூடேற்றியதற்கான முத்திரை வேண்டும், ஐ.எஸ்.பி.எம். 15 என்பார்கள். முத்திரையில்லாத பெட்டியைக் கிள்ளான் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள், உள்ளே எவ்வளவு அவசரமான பொருள் இருந்தாலும். கப்பலில் அனுப்புபவர்கள் நிகழ்ச்சிக்குப் பத்து நாள் முன்பாவது சரக்கு துறைமுகத்தில் இருக்கும்படி கணக்கிடுங்கள்.

கண்காட்சிக் கடையில் மின்சாரம், பிளக்?

230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மூன்று தட்டைக் கால் கொண்ட, பிரிட்டிஷ் வகை. இந்தியாவின் உருண்டைக் கால் நுழையாது. வழக்கமான கடை 3 மீட்டருக்கு 3 மீட்டர். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, இரண்டு விளக்கு, 13 ஆம்பியர் பிளக் ஒன்று. அந்த ஒரே பிளக்கில் காபி இயந்திரம், டி.வி., மடிக்கணினி மூன்றையும் மாட்டினால் ஃபியூஸ் போய்விடும், சில நேரம் பக்கத்துக் கடையின் மின்சாரத்தையும் சேர்த்து. தேவையை வாட் கணக்கில் கூட்டி முன்பதிவுக் காலத்திலேயே கேளுங்கள். தாமதமாகக் கேட்டால் கூடுதல் கட்டணம். இரவில் கூடத்தின் மின்சாரத்தை அணைத்துவிடுவார்கள். குளிர்பெட்டியில் மருந்தோ உணவோ வைத்திருப்பவர் 24 மணி நேர இணைப்பு என்று தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு எப்படி?

கே.எல்.ஐ.ஏ. சிப்பாங்கில் இருக்கிறது, நகரத்திலிருந்து 55, 60 கிலோமீட்டர். கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் ரயில் முனையம் 1-லிருந்து நகரின் முக்கிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கு 28 நிமிடம், முனையம் 2-லிருந்து 33 நிமிடம். ஒருவழிக் கட்டணம் 55 ரிங்கிட். தனியாக வருபவருக்கு ரயில் நல்லது. மூன்று பேர் சேர்ந்தால் கிராப் மலிவு. கே.எல். சென்ட்ரலிலிருந்து கேஎல்சிசிக்கு கிளானா ஜெயா தடத்து எல்.ஆர்.டி.யில் ஐந்தாவது நிலையம். பெரிய பெட்டியோடு காலை எட்டரைக்கு அதில் ஏறுவது நடக்காத காரியம்.

பேராளர் எந்த முனையத்தில் இறங்குகிறார் என்பதைப் பதிவுப் படிவத்திலேயே கேளுங்கள். ஏர் ஏஷியா முனையம் 2-க்கும் மலேசியா ஏர்லைன்ஸ் முனையம் 1-க்கும் போகும். பெயர்ப்பலகையோடு ஆள் ஒரு முனையத்திலும் தலைமைப் பேச்சாளர் மறு முனையத்திலும் நிற்பது வருடா வருடம் நடக்கும் கூத்து.

விடியற்காலை வருபவர்களுக்கு ஓட்டல் அறை பிற்பகல் 3 மணிக்குத்தான். முந்தைய இரவுக்கும் சேர்த்து அறை எடுப்பது செலவு. அது முடியாவிட்டால் குளித்து உடைமாற்ற ஒரு பொது அறையாவது பேசிவையுங்கள்.

முதல் நாள் காலைப் பதிவு மேசையில் நெரிசல் ஏன் தவிர்க்க முடிவதில்லை?

இரண்டு காரணம். ஒன்று கணக்கு. 500 பேர் 45 நிமிடத்தில் வருகிறார்கள், ஆளுக்கு 40 வினாடி என்றால் எட்டு மேசை வேண்டும். பெரும்பாலும் மூன்று போடுகிறார்கள்.

மற்றது பெயர். அகர வரிசையில் அட்டைகளை அடுக்கி, குடும்பப் பெயரின் முதல் எழுத்தை எழுதி ஒட்டினால் இந்த ஊரில் குழப்பம் நிச்சயம். மலாய்க்காரருக்கு 'பின்' என்பதற்கு முன்னால் இருப்பதே பெயர். பின்னால் வருவது அப்பா பெயர். சீனருக்குக் குடும்பப் பெயர் முதலில் வரும், ஆங்கிலப் பெயரும் சேர்ந்தால் இடம் மாறும். தமிழருக்கு நடுவே 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' இருக்கும், இன்னாரின் மகன், மகள் என்று. ஆகவே பதிவு எண்ணின்படி அடுக்குங்கள், அல்லது கியூ.ஆர். குறியைக் காட்டினால் அட்டை அச்சாகும்படி செய்யுங்கள்.

சாப்பாட்டில் எங்கே கவனம் தேவை?

முஸ்லிம் விருந்தினர் இருக்கும் எந்த நிகழ்ச்சிக்கும் சமையல்கூடம் ஹலால் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். சான்றிதழ் தருவது ஜாக்கிம் எனப்படும் அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை. சான்றிதழ் பெற்ற கூடத்துக்குள் வெளிச் சாப்பாட்டைக் கொண்டுவர விடமாட்டார்கள். இந்தியக் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து இட்லி வரவழைக்கலாம் என்ற திட்டம் ஓட்டல் வாசலோடு நின்றுவிடும்.

சைவம் என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். காய்கறிச் சம்பாலில் பெலாச்சான், அதாவது இறால் விழுது, இருக்கும். நாசி லெமாக்கில் இக்கான் பிலிஸ் என்ற நெத்திலி. கீரைப் பொரியலில் சிப்பிச் சாறு. சீனச் சைவத்தில் கறி போலவே செய்த சோயா வரும். பார்த்த மாத்திரத்தில் நம்மவர் தட்டை வைத்துவிடுவார். சமையல் பொறுப்பாளரிடம் "பெலாச்சான், இக்கான் பிலிஸ், மீன் சாறு, சிப்பிச் சாறு, முட்டை கூடாது" என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுங்கள். வெங்காயம், பூண்டு சாப்பிடாத சமணப் பேராளர் இருந்தால் தனித் தட்டு. ரெண்டாங் என்ற கெட்டிக் குழம்பு பல நேரம் மாட்டிறைச்சி. பஃபேயில் அதற்குத் தனிக் கரண்டியும் தெளிவான பெயர்ச்சீட்டும் வையுங்கள்.

500 பேருக்கு ஒரே தேநீர் மேசை போட்டால் 30 நிமிட இடைவேளை முடியும்போது பாதிப் பேர் வரிசையில் நிற்பார்கள். நூறு பேருக்கு ஒரு மேசை, அதுவும் மண்டபத்தின் வெவ்வேறு மூலைகளில்.

வெள்ளிக்கிழமை எப்படி?

மதியத் தொழுகைக்காக 12.30 முதல் 2.30 வரை ஒதுக்குங்கள். தொழுகை அறை எந்தத் தளத்தில் என்பதைப் பேராளர் கையேட்டில் போடுங்கள். ஒரு மணி நேர இடைவேளை விட்டு ஒன்றரைக்குத் தொடங்கும் அமர்வு பாதி நாற்காலிகளோடு பேசும்.

அமைச்சர் திறந்துவைக்கிறார். என்ன முறை?

இங்கேதான் வெளியூர் ஏற்பாட்டாளர்கள் தடுமாறுகிறார்கள். அமைச்சருக்கு அழைப்பு இரண்டு மூன்று மாதம் முன்பே போயிருக்கும். உறுதி கடைசி வாரத்தில்தான் வரும், துணையமைச்சர் வருவார் என்று மாறவும் கூடும். நாடாளுமன்றம் கூடியிருக்கும் காலத்தில் திங்கள் முதல் வியாழன் வரை காலை நேரம் அவர்களுக்குக் கடினம். ஆகவே திறப்பு விழாவை 9 மணிக்கு வைக்காமல், ஒரு அமர்வை முதலில் ஓட்டிவிட்டுப் பத்தரைக்கோ பதினொன்றுக்கோ வையுங்கள். அவர் தாமதித்தாலும் நாள் கெடாது.

வழக்கமான வரிசை: அனைவரும் முன்பே அமர்ந்திருக்க, விருந்தினர் வருகை, நெகாராகூ தேசிய கீதம், துவா, வரவேற்புரை, அமைச்சர் உரை, 'கிமிக்' என்று எல்லாரும் சொல்லும் திறப்புக் காட்சி, நினைவுப் பரிசு, செய்தியாளர் சந்திப்பு. கிமிக்கை ஒத்திகை பார்க்காமல் விடாதீர்கள். பொத்தானை அழுத்தித் திரை எரியாமல் அமைச்சர் கையை வைத்தபடியே நிற்கும் படம்தான் மறுநாள் சுற்றும்.

பட்டங்களைத் தவறாகச் சொல்வது பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளப்படும். துன், டான் ஸ்ரீ, டத்தோ ஸ்ரீ, டத்தோ எல்லாவற்றுக்கும் படிநிலை உண்டு. வரவேற்புரையில் பெயர் சொல்லும் வரிசையும் முன்வரிசை நாற்காலி வரிசையும் அதன்படியே. விருந்தினர் அலுவலகத்திடமிருந்து முழுப் பெயரையும் பட்டத்தையும் எழுத்தில் வாங்கி, அறிவிப்பாளரிடம் கொடுங்கள். நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் மறுபடி கேளுங்கள், இடையில் புதுப் பட்டம் கிடைத்திருக்கலாம். அரச குடும்பத்தினர் வருவதாக இருந்தால் மஞ்சள் உடை வேண்டாம் என்று பேராளர்களுக்குச் சொல்லுங்கள். அது அரசருக்குரிய நிறம். முழுக்கை பாத்திக் சட்டை இங்கே கோட்டு சூட்டுக்குச் சமம்.

மழை, புகைமூட்டம்?

ஆண்டு முழுவதும் மழை உண்டு. ஏப்ரல், அக்டோபர், நவம்பரில் அதிகம். மூன்று மணிக்கு மேல் இடியோடு கொட்டி ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓயும். அந்த நேரம் சாலைகள் ஸ்தம்பிக்கும். இருபது நிமிடப் பயணம் ஒன்றரை மணி ஆகும். மாலை விருந்தை வேறு இடத்தில் வைத்தால் பேருந்தை ஐந்துக்குக் கிளப்பாதீர்கள். ஒன்று நான்கரைக்கு முன், அல்லது ஏழரைக்குப் பின். மொட்டைமாடி விருந்துக்கு மாற்று உள்ளறை இல்லாமல் முன்பணம் தர வேண்டாம். ஆகஸ்ட், செப்டம்பரில் சில ஆண்டுகள் சுமத்ரா காட்டுத்தீப் புகை வந்து சூழும். அப்போது திறந்தவெளி நிகழ்ச்சி எதுவும் நடக்காது.

மொழிபெயர்ப்பு வேண்டுமா?

வணிகக் கூட்டம் ஆங்கிலத்திலேயே ஓடும். அரசு நிகழ்ச்சியில் அமைச்சர் உரை மலாயில் தொடங்கி ஆங்கிலத்துக்குத் தாவலாம். சாலையோரப் பதாகைகளுக்கு டி.பி.கே.எல். உரிமம் வேண்டும், அவற்றில் மலாய் முதன்மையாக இருக்க வேண்டும். ஆங்கிலம் மட்டும் போட்டு அச்சடித்தவர்கள் மறுபடி அச்சடிக்கிறார்கள்.

தமிழில் மாநாடு என்றால் இந்த ஊருக்குப் பழக்கம் உண்டு. முதல் உலகத் தமிழ் மாநாடு 1966 ஏப்ரலில் இங்கேதான் கூடியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகள் முன்னின்று நடத்தினார். 1987, 2015, 2023 ஆண்டுகளிலும் இதே நகரம். தமிழ் அறிவிப்பாளர், தமிழ் அச்சகம், தமிழ் தெரிந்த தொண்டர்கள் கிடைப்பது எளிது.

அரசு உதவி ஏதேனும் கிடைக்குமா?

மைசெப் எனப்படும் மலேசிய மாநாட்டு, கண்காட்சி வாரியம் 2009 முதல் இயங்குகிறது. பன்னாட்டுச் சங்கங்களின் மாநாட்டை மலேசியாவுக்குக் கொண்டுவரும் ஏலக் கட்டத்தில்தான் அவர்களால் அதிகம் உதவ முடியும்: ஏல ஆவணம், அமைச்சரின் ஆதரவுக் கடிதம், இடம் பார்க்க வரும் குழுவுக்கு ஏற்பாடு. எல்லாம் முடிவான பிறகு போய்க் கேட்டால் கைப்பையும் வரைபடமும்தான் கிடைக்கும். வெளிநாட்டுப் பேராளர் எத்தனை பேர், எத்தனை இரவு தங்குவார்கள் என்ற எண்ணோடு போங்கள்.

மாநாடு முடிந்து அரை நாள் இருக்கிறது. பேராளர்களை எங்கே அனுப்பலாம்?

பத்துமலை. கே.எல். சென்ட்ரலிலிருந்து கே.டி.எம். ரயில் நேராகப் போகிறது. 272 படி, காலை பத்துக்குள் ஏறிவிடுவது உடம்புக்கு நல்லது. முழங்கால் தெரியும் உடையை வாசலில் தடுப்பார்கள். தைப்பூச வாரத்தில் மட்டும் பேருந்துக் குழுவை அனுப்பாதீர்கள். வெள்ளி ரதம் மாரியம்மன் கோவிலிலிருந்து கிளம்பும் இரவு முதல் நகரச் சாலைகள் பல மூடியிருக்கும், ரயில்தான் ஒரே வழி. இரட்டைக் கோபுரத்தின் பாலத்துக்குப் போக விரும்புபவர்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை என்பதையும் சொல்லிவிடுங்கள்; குழுவாகப் போவதானால் நுழைவுச் சீட்டை முன்பே இணையத்தில் எடுக்க வேண்டும்.